ஆடாமல் மூச்சு விடு

ராயபுரத்தில் நான் வேலை பார்த்த போட்டோ ஸ்டூடியோவில் வானத்துக்கு மரியாதை கிடையாது. பாஸ்போர்ட் சைஸ், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, செத்தவருக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர். இதில் எதற்கும் வானம் தேவைப்படாது. பின்னால் ஒரு நீலத் திரை தொங்கும். திரை கிழிந்த இடத்தை மறைத்து ஆளை நிறுத்திவிடுவோம்.

ஆகவே இரண்டாயிரத்து எட்டு வாக்கில் எனக்கு வானப் பைத்தியம் பிடித்தபோது யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எவனோ ஒரு வெள்ளைக்காரன் போட்ட படங்களைப் பார்த்ததால் வந்த வினை அது. சமாச்சாரம் இதுதான். காசிமேட்டில் காலையில் போய் ஒரு படகைப் படம் எடுத்தால், படகு தெரியும்போது வானம் வெள்ளைத்தாளாக வெளுத்துவிடும். வானம் தெரிய எடுத்தால் படகு கருத்துப்போகும். கேமராவின் கண்ணுக்கு அவ்வளவுதான் சக்தி. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். கேமராவை ஸ்டாண்டில் ஊன்றி, ஆடாமல் அசையாமல் மூன்று படம் எடுக்க வேண்டும். இருட்டாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று, வெளிச்சமாக ஒன்று. மூன்றையும் கம்ப்யூட்டரில் ஒரு சாஃப்ட்வேருக்குள் போட்டால், இருட்டுப் படத்திலிருந்து வானத்தையும் வெளிச்சப் படத்திலிருந்து நிழலையும் எடுத்து ஒரே படமாகப் பிசைந்து கொடுக்கும். எச்.டி.ஆர். என்று பெயர். பாரிமுனைப் பக்கம் பிளாட்பாரத்தில் அந்த சாஃப்ட்வேர் சிடி கிடைத்தது.

ஸ்டூடியோ முதலாளி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். எல்லோருக்கும் அண்ணாச்சி. நான் செய்த முதல் எச்.டி.ஆர். படத்தை அவரிடம் காட்டினேன். படகில் ஒவ்வொரு கயிறும் தெரிந்தது. மேகம் கருப்பும் ஊதாவுமாகச் சுருண்டு நின்றது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"ஏல, மேகத்துக்கு என்ன கோவம்?" என்றார்.

அவருக்கு ரசனை இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். எனக்கு இருந்த கர்வம் அப்படி.

என் அக்கா எண்ணூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் கன்டெய்னர் லாரி ஓட்டுபவர். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். வீட்டின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் நிலக்கரிக் கிடங்கு. கூரை கிடையாது, மூடி கிடையாது, மலை மாதிரி குவித்து வைத்திருப்பார்கள். லாரி வந்தால் ஒரு புழுதி, லாரி போனால் ஒரு புழுதி, எதுவும் வராவிட்டால் காற்றே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். காலையில் வெள்ளைச் சட்டையைக் கொடியில் போட்டால் மாலையில் எடுக்கும்போது அது வேறு யாருடைய சட்டையோ என்று தோன்றும்.

அக்காவுக்கு ஒரே பெண். அப்போது ஆறு வயது. பிறந்ததிலிருந்து அந்த வீடுதான். இளைப்பு நோய். ஒருநாள் பள்ளிக்கூடம் போனால் இரண்டு நாள் ஆஸ்பத்திரி. விலா எலும்பு உள்ளே இழுக்க இழுக்க அவள் மூச்சு வாங்குவதைப் பார்த்தால் நமக்கு மூச்சு முட்டும். டாக்டர், "வீட்ட மாத்துங்கம்மா" என்று மாத்திரை எழுதுவதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். சொந்த வீடு. விற்கலாம் என்றால், பார்க்க வருகிறவன் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டான்.

கடைசியில் தெருப் பெண்கள் எல்லாம் சேர்ந்து மனுக் கொடுத்தார்கள். கிடங்கை மூடச் சொல்லுங்கள், தண்ணீராவது தெளிக்கச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள். மனுவை வாங்கிய அதிகாரி, "தூசு தூசுன்னு எழுதியிருக்கீங்க. போட்டோ கொண்டாங்க, பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டார்.

அக்கா நேராக ஸ்டூடியோவுக்கு வந்தாள்.

"டேய், நீ இன்னாமோ வானத்தையெல்லாம் புடிச்சுக்கினு கீறியாமே. எங்க வூட்டுக் கரியக் கொஞ்சம் புடிச்சுக் குடுடா. புள்ள ஒக்காந்துகினே தூங்குது. படுத்தா மூச்சு வர்ல அதுக்கு."

சொல்ல வெட்கமாக இருக்கிறது, என் மனதில் முதலில் வந்தது குழந்தை இல்லை. அந்தக் கரிமலைதான் வந்தது. அவ்வளவு கருப்பும் அவ்வளவு வெளிச்சமும் ஒரே படத்தில் வேறு எங்கே கிடைக்கும்? மூன்று படம் எடுத்துச் சேர்த்தால் அதிகாரி ஆடிப்போய்விடுவார் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். தெருமுனையிலேயே ஏதோ சரியில்லை என்று பட்டது. தெரு ஈரமாக இருந்தது. வாசலுக்கு வாசல் கலர் கோலம். ஜன்னல் கம்பியெல்லாம் பளபளவென்று துடைத்திருந்தார்கள். பெண்கள் தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு நின்றார்கள். அக்கா கல்யாணப் பட்டுப்புடவையில் இருந்தாள். வீட்டுக்குள் போனேன். ஒட்டடை இல்லை. சுவரைச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தாள். டிவிமேல் பூப்போட்ட துணி.

"யக்கா, தூசு எங்க?"

"பெருக்கிட்டேன்."

"எதுக்குப் பெருக்குன?"

"இன்னா கேள்விடா இது? போட்டோ புடிக்க ஆளு வருதுன்னா வூட்ட கலீஜாவா வெச்சிருப்பாங்க?"

"தூசியத்தானே போட்டோ எடுக்க வந்தேன்!"

"அது எங்க போவப் போவுது? சாயங்காலத்துக்குள்ள வந்துரும். நீ மொதல்ல காபி குடி."

எதிர்வீட்டு அம்மா ஒருத்தி, "தம்பி, விடியக்காலைலேந்து தேய்ச்சுகினு கீறோம். நல்லாக்கீதுன்னு ஒரு வார்த்த சொல்லேன்" என்றாள். நான் சொல்லவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

வீடு சின்னது, படத்தில் முழுசாக வர அகலமான லென்ஸ் வேண்டும். அண்ணாச்சியிடம் கெஞ்சி ஒன்று வாங்கி வந்திருந்தேன். வாசலில் நின்று கேமராவிலிருந்து பழைய லென்ஸைக் கழற்றினேன். கழற்றியவன் உடனே மற்றதை மாட்ட வேண்டாமா? ஒரு கையில் வாயைத் திறந்த கேமரா, இன்னொரு கையில் லென்ஸ், அப்படியே நின்று அக்காவோடு சண்டை போட்டேன். அந்த நேரம் பார்த்து கிடங்கில் ஒரு லாரி கொட்டியது. எப்படியும் ஐந்து நிமிஷம் இருக்கும். கத்தி முடித்த பிறகுதான் லென்ஸை மாட்டினேன்.

வேறு வழியில்லாமல் பின்பக்கம் போனோம். பின்சுவரையும் கழுவியிருந்தார்கள். சுவருக்கு மேலே கரிமலை தெரிந்தது. அதையாவது கழுவாமல் விட்டார்களே என்று ஸ்டாண்டை ஊன்றினேன். சுவர் ஓரமாகக் குழந்தையை நிறுத்தினேன். அவளுக்குப் பவுடர் போட்டு, ரிப்பன் கட்டி, பிறந்தநாள் கவுன் மாட்டிவிட்டிருந்தாள் அக்கா.

"மூணு தபா டிக்குனு கேக்கும். அதுவரைக்கும் ஆடாம நிக்கணும், என்ன?"

"சரி மாமா. மூச்சு வுடலாமா?"

"விடு. ஆடாம விடு."

முதல் படத்துக்கு நேராக நின்றாள். இரண்டாவதுக்குத் தோள் ஏறிவிட்டது. மூன்றாவதுக்கு இருமல் வந்து குனிந்துவிட்டாள். மறுபடி எடுத்தேன். மறுபடி அதேதான். நாலைந்து தடவை முயன்றேன். ஒவ்வொரு தடவையும் அவள், "சாரி மாமா" என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது, அதை முகத்திலும் காட்டினேன். இப்போது நினைத்தால் என்னை நானே நாலு சாத்துச் சாத்தத் தோன்றுகிறது.

மறுநாள் மதியம், ஸ்டூடியோவில் ஆள் வராத நேரம், கடைசித் தடவை எடுத்த மூன்று படத்தையும் சாஃப்ட்வேருக்குள் போட்டுச் சேர்த்தேன். சுவர் சரியாக வந்தது. கரிமலை சரியாக வந்தது. குழந்தை மட்டும் மூன்று தலையும் புகை மாதிரி உடம்புமாக வந்தாள். படம் எடுக்கும்போது ஆள் அசைந்தால் இப்படித்தான் ஆகும். இதற்குப் பேய் என்றே அந்தத் தொழிலில் பெயர். பேயைச் சரிசெய்ய எனக்குத் தெரிந்த ஒரே வழி, பக்கத்துச் சுவரை நகலெடுத்து அதன்மேல் ஒட்டுவது. ஒட்டினேன். சுவர் மட்டும் நின்றது. சுத்தமாக இருந்தது.

அடுத்தது வானம். வானம் முழுக்கக் கரும்புள்ளி. வாய் திறந்த கேமராவுக்குள் தூசு புகுந்து உள்ளே படம் பதியும் கண்ணில் ஒட்டிக்கொண்டிருந்தது. சாதாரணப் படத்தில் அதை மங்கலாகப் பார்க்கலாம். எச்.டி.ஆரில் எல்லாவற்றையும் துலக்கிக் காட்டும் குணம் உண்டே, ஒவ்வொரு புள்ளியும் மிளகு மாதிரி எழுந்து நின்றது. பிளாஸ்திரி படம் போட்ட கருவி ஒன்று சாஃப்ட்வேரில் உண்டு. மாப்பிள்ளைகளின் முகப்பருவை எடுக்க அதைத்தான் பயன்படுத்துவோம். அதை வைத்து ஒவ்வொரு புள்ளியாக எடுத்தேன். எண்ண ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் எண்ணுவதை விட்டேன். இரண்டு மதியம் போயிற்று. பிறகு மேகத்தைக் கொஞ்சம் முறுக்கினேன். கரிமலையின் சரிவில் நீலம் ஏற்றினேன்.

அண்ணாச்சி பின்னால் வந்து நின்றார்.

"இது நல்லாருக்குலே. காலண்டருக்குக் குடுக்கலாம்."

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பெரிய சைஸில் பிரிண்ட் போட்டு, சுருட்டி, ரப்பர் பேண்ட் மாட்டி, அக்காவையும் கூட்டிக்கொண்டு அதிகாரியிடம் எடுத்துப் போனேன்.

அதிகாரி படத்தைக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். பிறகு கிட்டே வைத்துப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"எந்த ஊரு இது?"

"எங்க தெருதான் சார்" என்றாள் அக்கா.

"எண்ணூரா? அட. நல்லாத்தானேம்மா இருக்கு? நான் குடியிருக்கிற பக்கம் இப்படி ஒரு வானம் கிடையாது. இதுல தூசு எங்க இருக்கு?"

  முடிவாக, வரும் புதன்கிழமைக்குள் ஆதாரம் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் மனுவை முடித்துவிடுவேன் என்றார். கிளம்பும்போது, "தம்பி, இந்தப் படத்த நான் வெச்சுக்கலாமா? ரூம்ல மாட்டலாம்" என்று கேட்டார். கொடுத்துவிட்டு வந்தோம்.

பஸ் ஏறினோம். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன். டோல்கேட் தாண்டியதும் அக்கா கேட்டாள்.

"ஏன்டா, அந்தப் படத்துல என் பொண்ணு எங்க?"

"ஆடிட்டாக்கா. அதான் எடுத்துட்டேன்."

"ஆடுனாளா? இருமுனாடா."

நான் பஸ் டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தேன்.

"அவ இருமுறான்னுதானேடா மனுவே குடுத்தோம். அத்தப் போய் அழிச்சிருக்கியே, உனுக்கு மூள கீதா?"

பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது. வீட்டைப் பெருக்கினார்கள் என்று ஒரு தெருவையே நிற்க வைத்துத் திட்டியவன் நான். அவர்கள் துடைத்தது சுவரையும் ஜன்னலையும்தான். நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வானத்தைத் துடைத்து, கரியைத் துடைத்து, குழந்தையையும் துடைத்து எடுத்திருந்தேன்.

ஸ்டூடியோவுக்குப் போய், சேர்ப்பதற்கு முந்தைய அந்த மூன்று படத்தையும் திறந்தேன். அதுவரை அவற்றை மூன்று படமாக நான் பார்த்ததே இல்லை. சாஃப்ட்வேருக்குப் போடும் தீனியாகத்தான் பார்த்திருந்தேன். முதல் படம் இருட்டு. குழந்தை விறைப்பாக நிற்கிறாள். இரண்டாவதில் தோள் காது வரைக்கும் ஏறியிருக்கிறது, உதட்டை இறுக்கியிருக்கிறாள். எனக்காக இருமலை அடக்குகிறாள். மூன்றாவது நல்ல வெளிச்சம். வாய் திறந்து, ஒரு கை நெஞ்சில், ரிப்பன் முன்னால் விழுந்து கிடக்கிறது. மூன்றிலும் வானத்தில் அதே இடங்களில் அதே புள்ளிகள். 

மூன்றையும் தனித்தனியாகப் போஸ்ட்கார்ட் சைஸில் போட்டேன்.

"ஏல, புள்ளி புள்ளியா இருக்கே, துடைக்கலையா?" என்றார் அண்ணாச்சி.

"துடைக்கல அண்ணாச்சி."

புதன்கிழமை அக்காவோடு போய் அதிகாரியின் மேஜைமேல் மூன்றையும் வரிசையாக வைத்தேன். என் பெரிய படம் அவர் தலைக்கு மேலே சுவரில் ஏற்கெனவே தொங்கியது. அதன் கீழேயே நிற்க வேண்டியிருந்தது.

"என்ன தம்பி, போன தடவை எவ்வளவு அழகா எடுத்திருந்தீங்க. கேமராவத் துடைச்சிட்டு எடுத்திருக்கக் கூடாதா? வானமெல்லாம் புள்ளியா இருக்கு."

நான் லென்ஸ், உள்கண் என்று ஆரம்பித்தேன். அக்கா குறுக்கே வந்தாள்.

"சார், அது கேமரா உள்ளாற பூந்த கரி சார். எங்க வாசல்ல அஞ்சு நிமிசம் தொறந்து வெச்சுகினு நின்னான், அதுக்கே இந்தக் கதி. என் பொண்ணு பொறந்ததுலேந்து அங்கதான் சார் மூச்சு வுட்டுகினு கீது."

 அவர் முதல் படத்தைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார். மூன்றாவதில் விரலை வைத்தார்.

"இந்தப் பொண்ணா?"

"ஆமா சார்."

தலைக்கு மேலே தொங்கிய படத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "இதுல இல்லையே" என்றார். நான் தரையைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை தானே நேரில் வருவதாக ஃபைலில் எழுதிக்கொண்டார்.

இரண்டு நாள் தெருவில் யாரும் பெருக்கக் கூடாது, துடைக்கக் கூடாது. இதை ஏற்க வைப்பதற்கு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. சோறு தண்ணி இல்லாமல் இருக்கச் சொன்னால்கூட இருந்திருப்பார்கள். குழந்தையை மட்டும் இரண்டு நாளும் ராயபுரத்தில் எங்கள் வீட்டில் வைத்துக்கொண்டோம். வியாழக்கிழமை அக்கா பக்கத்துக் கடையிலிருந்து போன் செய்தாள். "என்னால முடியலடா. அடுப்பு மேடய மட்டும் தொடச்சுக்கவா?" கூடாது என்றேன். "ஒரு மூலடா, யாருக்கும் தெரியாது." கூடவே கூடாது என்று கத்தினேன். போனை வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை போனபோது தரையில் கால் தடம் தெரிந்தது. டிவிமேல் இருந்த பூப்போட்ட துணி கருத்திருந்தது. அக்கா சுவரோரம் கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே எடுத்தால் கை தானாகத் துடைப்பத்துக்குப் போய்விடுமாம்.

அதிகாரி வந்தார். வெளுத்த சட்டை, சந்தன நிற பேண்ட். நாற்காலியைப் பார்த்தார், கொஞ்சம் தயங்கினார், உட்கார்ந்தார். அக்கா நிமிரவே இல்லை. "மன்னிச்சுக்கோங்க சார், வூடு இப்டி கீது" என்றாள், அவ்வளவுதான், பொலபொலவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். மூச்சில்லாமல் குழந்தைக்கு உதடு நீலம் பாரித்த நாளில்கூட அவள் அழுது நான் பார்த்ததில்லை. ஆட்டோ பிடி என்றுதான் கத்தினாள். அழுக்கு வீட்டில் ஒரு விருந்தாளியை உட்கார வைத்ததற்கு அழுதாள்.

அவர் நாலு கேள்வி கேட்டுவிட்டு எழுந்தார். பின்னால் பேண்டில் நாற்காலியின் வடிவம் கருப்பாக அப்படியே பதிந்திருந்தது. அக்கா சட்டென்று ஈரத்துணியை எடுத்துவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அதிகாரி பின்னால் தடவிப் பார்த்தார். உள்ளங்கையைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்தவர் மறுபடி பையிலேயே வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

ஜீப் தெருமுனை திரும்பவில்லை, அதற்குள் தெரு முழுக்கத் துடைப்பச் சத்தம் கேட்டது.

அடுத்த மாதம் கிடங்குக்கு உத்தரவு போயிற்று. பச்சைத் தார்ப்பாய் வந்தது. குவியலில் முக்கால்வாசியைத்தான் மூடியது, நாலாவது மூலை எப்போதும் காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது. தண்ணீர் லாரி காலையிலும் மாலையிலும் வந்தது. மழைக்காலமும் சேர்ந்துகொண்டது. எதனால் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. பொங்கல் கழிந்து குழந்தை ஒரு வாரம் முழுசாகப் பள்ளிக்கூடம் போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தேன். கேமராவை வெளியே எடுப்பதாகவே இல்லை. அவள்தான் கேட்டாள்.

"மாமா, அந்த மூணு தபா போட்டோ புடி. நான் ஆட மாட்டேன்."

"ஆடினாலும் பரவாயில்லடி."

அதே சுவரோரம் போய் நின்றுகொண்டாள். "மூச்சு வுடலாமா?" என்றாள்.

"தாராளமா விடு."

மூன்று தடவை டிக்கென்றது.

மறுநாள் மதியம் மூன்றையும் சேர்த்தேன். பேய் இல்லை. ஒரே தலை, ஒரே ரிப்பன். மூன்று படத்திலும் அவள் தோள் ஒரே இடத்தில் இருந்தது. வானத்தில் பழைய புள்ளிகள் கிடந்தன, அப்படியே விட்டுவிட்டேன். அண்ணாச்சி வந்து எட்டிப் பார்த்து, "மேகத்துக்கு இன்னும் கோவம் தீரலியால?" என்று கேட்டார். நான் அழுதுகொண்டிருந்தேன், கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டேன்.